தமிழில் நான்கு பக்கத்தோடு நின்றுவிடும் 11 வயது வாசகிக்கு எந்தச் சிறார் நாவல்?

கேள்வி இதுதான்: மகளுக்கு 11 வயது, ஆங்கில வழியில் ஆறாம் வகுப்பு. ஆங்கிலத்தில் 250 பக்க நாவலை ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுகிறாள். தமிழில் விருது பெற்றவையாகப் பார்த்து மூன்று சிறார் நூல்கள் வாங்கிக் கொடுத்தும், ஒவ்வொன்றையும் நான்காம் பக்கத்தில் மூடிவைத்துவிட்டாள். அண்மையில் வந்தவற்றில் வேறு எதை வாங்கலாம்?

பெயர்களை வரிசையாக எழுதித் தந்துவிடலாம். ஆனால் நான்காவதாக வாங்குவதும் அதே நான்காம் பக்கத்தில்தான் நிற்கும். கதையைப் பிடித்துக்கொள்வதில் உங்கள் மகளுக்கு 12 வயது. தமிழ் எழுத்தின் மேல் கண்ணை ஓட்டுவதில் 8 வயது. 8 வயதுக்கு எழுதிய நூலைக் கொடுத்தால் "இது சின்னப்பிள்ளைங்க புக்" என்று தள்ளிவிடுவாள். 12 வயதுக்கு எழுதியதைக் கொடுத்தால் பக்கம் நகராது. பின்னட்டையில் "9 முதல் 13 வயது வரை" என்று போட்டிருப்பது இந்த இரண்டில் எந்த வயதைச் சொல்கிறது என்று அச்சிட்டவருக்கே தெரியாது. ஆகவே முதலில் அளந்து பாருங்கள், பிறகு வாங்குங்கள்.

அளக்க ஒரு நிமிடம் போதும். அவள் மூடிவைத்த புத்தகங்களில் ஒன்றை எடுத்து, பத்தாம் பக்கத்துக்கு மேல் உரையாடலும் விவரிப்பும் கலந்த ஒரு பக்கத்தைத் திறந்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். திருத்த வேண்டாம். ஒரு நிமிடம் ஆனதும் எத்தனை சொல் வந்திருக்கிறாள் என்று எண்ணுங்கள். மூன்றாம் வகுப்பு முடியும்போது நிமிடத்துக்கு 60 சொல்லாவது பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் நிபுண் பாரத் திட்டம் 2021-இல் பொதுவாக ஓர் இலக்கு வைத்தது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் 60-ஐத் தொட்டால் நாவலுக்குத் தயார் என்று வைத்துக்கொள்ளலாம். 40-க்குக் கீழே இருந்தால், எவ்வளவு நல்ல நாவலாக இருந்தாலும் தனியாகப் படித்து முடிப்பது கடினம்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழில் இப்போது வரும் சிறார் நாவல்களில் பெரும்பாலானவை 64 முதல் 120 பக்கம் வரை. 96 பக்க நூல் என்றால் தலைப்பு, பதிப்பு விவரம், முன்னுரை, படங்கள் எல்லாம் போக எழுத்துள்ள பக்கம் 80 தேறும். பக்கத்துக்கு 150 சொல் வைத்தால் 12,000 சொல். நிமிடத்துக்கு 60 சொல் வாசிக்கும் பிள்ளை 200 நிமிடத்தில் முடிக்கும். நாளுக்கு 20 நிமிடம் என்றால் பத்து நாள். 35 சொல் வாசிக்கும் பிள்ளைக்கு ஏறத்தாழ 340 நிமிடம், அதாவது பதினேழு நாள். அந்த வேகத்தில் ஓர் அத்தியாயத்தின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும். கதையில் திருப்பமே இல்லை என்று பிள்ளை சொன்னால், பல நேரம் திருப்பம் இருந்திருக்கும். அவள் அங்கே போய்ச் சேர்ந்திருக்க மாட்டாள்.

சொல்லின் எண்ணிக்கையைவிடச் சொல்லின் நீளம் பெரிய தடை. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

"பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கவினுக்குத் தெருமுனையிலிருந்த வேப்பமரத்தடியில் யாரோ நின்றுகொண்டிருப்பதுபோலத் தோன்றியது."

எட்டே சொற்கள்தான். ஆனால் முதல் சொல் 12 எழுத்து, ஏழாவது சொல் 13 எழுத்து. வேகம் குறைந்த கண் ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக் கூட்டி அவிழ்த்து, மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும். வினைமுற்று கடைசியில் வருவதால் அதுவரை எல்லாவற்றையும் மனத்தில் பிடித்தும் வைத்திருக்க வேண்டும். இதையே இப்படி எழுதலாம்:

"கவின் பள்ளி முடிந்து வந்துகொண்டிருந்தான். தெருமுனையில் வேப்பமரம். அதன் அடியில் யாரோ நிற்பது போல இருந்தது."

இப்போது 12 சொல். எண்ணிக்கை கூடியிருக்கிறது, படிக்க எளிதாகிவிட்டது. கடையில் நிற்கும்போது ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, பத்து எழுத்துக்கு மேற்பட்ட சொற்களை விரல் வைத்து எண்ணுங்கள். பக்கத்துக்குப் பதினைந்தைத் தாண்டினால் உங்கள் மகளுக்கு இப்போதைக்கு வேண்டாம். இது என் கைக்கணக்கு, ஆய்வு முடிவு இல்லை. ஆனால் பின்னட்டையில் போட்டிருக்கும் வயதைவிட நம்பலாம். அதே பக்கத்தில் இன்னும் மூன்றைப் பார்த்துவிடுங்கள். எழுத்தின் அளவு 12 புள்ளிக்கு (பாயின்ட்) குறையக் கூடாது. 13 இருந்தால் நல்லது. வரிக்கு வரி இடைவெளி தாராளமாக இருக்க வேண்டும். பக்கத்துக்கு 30 வரிக்கு மேல் போனால் அது பெரியவர்கள் நூலின் வடிவமைப்பை அப்படியே இறக்கியது. அத்தியாயம் ஐந்து முதல் ஏழு பக்கத்துக்குள் முடிய வேண்டும். ஓர் அத்தியாயம் ஓர் அமர்வு, அதுதான் அளவு.

உரையாடல் வேறு வகைச் சிக்கல். "போய்ட்டு வரேன்", "என்னலே இப்படிப் பண்ணிட்ட" என்று பிள்ளை நாள் முழுவதும் கேட்கிறது, ஆனால் பள்ளிப் பாடநூலில் அதிகம் பார்த்ததில்லை. அதனால் பேச்சுவழக்கில் எழுதிய வரியில், காதுக்குத் தெரிந்த சொல்லே கண்ணுக்குப் புதிதாகி வேகம் சட்டென்று விழும். பெற்றோர் பலர் இதைக் கண்டு "கொச்சையாக எழுதியிருக்கிறார்கள்" என்று நூலை ஒதுக்குகிறார்கள். தேவையே இல்லை. வட்டாரப் பேச்சு உள்ள நூலின் முதல் இரண்டு அத்தியாயங்களை நீங்கள் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். ஒரு பாத்திரத்தின் குரல் காதில் ஏறிவிட்டால் மிச்சத்தைக் கண் தானே பிடித்துக்கொள்ளும். இதற்கு நேரெதிரான நூல்களும் உண்டு: பத்து வயதுப் பையன் தன் நண்பனிடம் "நீ எங்கே சென்றுகொண்டிருக்கிறாய்?" என்று கேட்பான். அவற்றை வாசிப்பது எளிது, நம்புவதுதான் கஷ்டம். ஆங்கிலத்தில் இயல்பான உரையாடலுக்குப் பழகிய பிள்ளை இதை முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடும்.

இனி விருதுக்கு வருவோம். சாகித்திய அகாதெமி சிறார் இலக்கியத்துக்குத் தரும் பால சாகித்திய புரஸ்கார் விருது 2010-இல் தொடங்கியது. 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும். தமிழில் 2020 முதல் 2025 வரை இந்த விருதைப் பெற்ற ஆறு நூல்களைப் பாருங்கள். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020), உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023), விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' (2025) மூன்றும் நாவல்கள். மு. முருகேஷின் 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை' (2021), ஜி. மீனாட்சியின் 'மல்லிகாவின் வீடு' (2022), யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' (2024) மூன்றும் சிறுகதைத் தொகுப்புகள். விருது முத்திரையை மட்டும் பார்த்து வாங்குபவர் நாவல் என்று நினைத்துத் தொகுப்பைக் கொடுத்துவிடுகிறார். நீண்ட கதையை எதிர்பார்த்த பிள்ளை இரண்டாவது கதைக்கு வந்ததும், "முதல்ல வந்த அக்கா எங்கே போனாங்க?" என்று தேடுகிறது. உள்ளடக்கப் பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஆனால் முக்கால்வாசிப் பேர் பார்ப்பதில்லை. விருதுக்கு வரும் நூல்கள் அந்த ஆண்டு வெளிவந்தவையும் அல்ல, சில ஆண்டு முந்தியவை. உண்மையிலேயே புதிதாக வந்தது வேண்டுமென்றால் பதிப்பு விவரப் பக்கத்தில் 'முதல் பதிப்பு' எந்த ஆண்டு என்று பாருங்கள். பழைய நூலுக்குப் புது அட்டை போட்டு விற்பது நம் ஊரில் சகஜம்.

விருதைப் பற்றி இன்னொன்று. தேர்வு செய்பவர்கள் பெரியவர்கள். பெரியவர்களுக்கு நூலின் 'கருத்து' முதலில் தெரியும். பிள்ளைகளுக்கு ஆள் முதலில் தெரிய வேண்டும். தமிழ்ச் சிறார் புனைவு ராஜா, மந்திரி, புத்திசாலி முயலை விட்டு வெளியே வந்து, இன்றைய பிள்ளையின் இன்றைய சிக்கலைப் பேசத் தொடங்கியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மணிக்கட்டில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றி விஷ்ணுபுரம் சரவணன் 'கயிறு' என்று ஒரு சிறு நூலே எழுதியிருக்கிறார். இந்த மாற்றம் பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் இதன் கூடவே ஒரு நோயும் வந்திருக்கிறது: சுற்றுச்சூழல், சமத்துவம், கைப்பேசியின் தீமை என்று தலைப்பை முதலில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கும் நாவல்கள். இவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கடைசி இரண்டு பக்கத்தைப் படியுங்கள். (ஆம், முடிவை. நீங்கள் தேர்வாளர், உங்களுக்குச் சுவாரசியம் கெட்டால் பரவாயில்லை.) அங்கே ஆசிரியரோ தாத்தாவோ ஒரு முழுப் பக்கம் பேசி, பிள்ளைகள் கைதட்டினால் கீழே வைத்துவிடுங்கள். அடுத்து நடுவில் ஓர் இடத்தைத் திறந்து, சிக்கல் வரும்போது யார் முடிவெடுக்கிறார்கள் என்று பாருங்கள். அப்பா வந்து காவல் நிலையத்துக்குப் போன் செய்து தீர்த்துவைக்கும் துப்பறியும் கதையை 11 வயதுப் பிள்ளை மன்னிக்காது. பிள்ளை தவறான முடிவெடுத்து, அதன் விளைவைத் தானே சரிசெய்யப் பாடுபடும் கதை என்றால் மொழி கொஞ்சம் கடினமாக இருந்தாலும் இழுத்துக்கொண்டு போகும்.

மாயக்கதை என்றால் கூடுதலாக ஒரு கேள்வி: அந்த மாயத்துக்கு ஏதாவது வரம்பு இருக்கிறதா? எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பது முதல் மூன்று அத்தியாயத்துக்குள் தெரிந்துவிட வேண்டும். நெருக்கடி வரும்போதெல்லாம் புதுப்புதுச் சக்தி முளைத்தால் பதற்றம் போய்விடும். ஆங்கிலத்தில் நன்றாகக் கட்டிய மாய உலகங்களைப் படித்துப் பழகியவளிடம் இந்த ஓட்டையை மறைக்க முடியாது.

இவற்றை வைத்து உங்கள் மகளுக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம். நாவலில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் தனித்தனிக் கதைகள், ஒரு நாளுக்கு ஒன்று. 'தன்வியின் பிறந்தநாள்' போன்ற தொகுப்பு இதற்குத்தான் சரி. வாங்கியவுடன் "ஒரு கதை மட்டும்" என்று சொல்லிக் கொடுங்கள், முழு நூலையும் முடிக்கச் சொல்லாதீர்கள். யூமா வாசுகி கவிஞர், ஓவியர், மலையாளத்திலிருந்து நிறைய மொழிபெயர்த்தவர். மொழியில் அக்கறை உள்ளவர். காசு செலவில்லாமல் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் மொழியைத் தமிழ் என்று வைத்து நான்காம் நிலைக் கதைகளை எடுங்கள். 2015-இல் தொடங்கிய தளம், திறந்த உரிமம், தரவிறக்கி அச்சிட்டும் கொள்ளலாம். மொழிபெயர்ப்புத் தரம் ஏற்ற இறக்கமாக இருக்கும், கொடுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர் யாராவது தெரிந்தால் வாசிப்பு இயக்கப் புத்தகங்களைக் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை வெளியிட்டவை, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலை, மெலிந்த புத்தகங்கள். தமிழில் இவ்வளவு தெளிவாக வாசிப்பு நிலை பிரித்து வந்தவை குறைவு. தனியார் பள்ளிப் பெற்றோர் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உங்கள் மகளுக்கு 'ஓடு' நிலையில் தொடங்கலாம்.

மூன்றாவது வாரம் நாவல். இங்கே 12, 8 என்ற அந்த இரண்டு வயதுகளுக்கும் பாலம் போடும் வழி, பாதி நீங்கள் பாதி அவள். ஓர் அத்தியாயத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அடுத்ததின் முதல் இரண்டு பக்கத்தையும் வாசித்து, ஏதோ நடக்கப்போகிற இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போங்கள். அத்தியாயம் முடிந்த இடத்தில் நிறுத்தினால் அவளும் மூடிவிடுவாள், நடுவில் நிறுத்தினால் கை நீளும். கதை அவளது 12 வயதுக்கு ஏற்றதாக இருக்கும், கண்ணுக்கு வேலை பாதிதான் இருக்கும்.

எந்த நாவல் என்றால், கீழடி பற்றிப் பள்ளியில் கேட்டிருப்பாள் என்பதால் 'ஆதனின் பொம்மை'யைச் சொல்வேன். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' என்ற பெயர் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் பொறித்திருக்கிறது; அந்தப் பெயருக்கு ஒரு சிறுவனின் உருவம் கொடுத்த நாவல் இது. 2023-இல் கீழடி அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள், மதுரையிலிருந்து பக்கம்தான். நாவலைப் பாதி படித்த பிறகு கூட்டிப்போங்கள். முன்பே போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடு மட்டும்தான் தெரியும். முழுவதும் முடித்த பிறகு போகலாம் என்று வைத்தால், முடிப்பதே தள்ளிப்போகும்.

'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' வாங்கிய மூன்றில் ஒன்றாக இருந்தால் அதைத் திரும்ப எடுக்க வேண்டும். ஆனால் முதலில் நீங்கள் படியுங்கள். பிள்ளைகள் மீதான பாலியல் சீண்டலைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லும் நாவல் அது. பயமுறுத்தாமல் எழுதியிருக்கிறார் என்பதுதான் அதன் பலம். அதைத் தனியாகப் படிக்கவிட்டுவிட்டு அலுவலகம் போய்விடக் கூடாது. படித்து முடிக்கும் நாட்களில் வீட்டில் நம்பிக்கையான பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பிள்ளை ஏதாவது சொன்னால் குறுக்கு விசாரணை வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எதற்கு என்பதையும் அந்தப் பேச்சிலேயே சொல்லிவிடலாம்.

மொழிபெயர்ப்பு நாவல்களை இந்தக் கட்டத்தில் தள்ளிப் போடுங்கள். மூலம் எவ்வளவு அருமையாக இருந்தாலும், வாயில் நுழையாத ஊர்ப் பெயர் ஆள் பெயரோடு மூலமொழி வாக்கியத்தின் நீளமும் சேர்ந்து வரும். 'சிறுவர்களுக்கான' என்று போட்டு வரும் சரித்திர நாவல் சுருக்கங்களும் வேண்டாம். ஆயிரக்கணக்கான பக்கங்களை 150 பக்கத்தில் அடக்கும்போது உரையாடல்தான் முதலில் வெட்டுப்படும். மிஞ்சுவது யார் யாருக்குச் சித்தப்பா என்ற பட்டியல். அந்தக் கதைகளை அவள் 15 வயதில் முழுசாகப் படித்துக்கொள்ளட்டும்.

வாங்கும் இடம். ஜனவரியில் சென்னை நந்தனத்தில் பபாசி (பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கம்) நடத்தும் புத்தகக் காட்சியும் மாவட்டப் புத்தகத் திருவிழாக்களும்தான் சிறார் நூல்களை ஒரே இடத்தில் புரட்டிப் பார்க்க வசதி; 10 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், வானம் பதிப்பகம் இரண்டின் அரங்குக்கும் முதலில் போங்கள். பக்கத்துக்கு ஒரு ரூபாய் சொச்சம் என்று விலையைக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான சிறார் நூல்கள் சில நூறு படிகள்தான் அச்சாகின்றன, தீர்ந்தால் மறுபதிப்பு எப்போது என்று சொல்ல முடியாது. பிடித்ததை அப்போதே வாங்கிவிடுங்கள். வாங்காமல் பார்க்க வேண்டுமென்றால் மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே அவளையே பத்துப் புத்தகம் எடுத்து ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் படித்து, எட்டை ஒதுக்கச் சொல்லுங்கள். தானே ஒதுக்கியது போக மிஞ்சிய இரண்டை எப்படியும் திறந்து பார்ப்பாள்.

படித்து முடித்ததும் கதைச்சுருக்கம் எழுதச் சொல்வது, "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்பது இரண்டும் வேண்டாம். அடுத்த புத்தகத்தைத் தொடும்போதே இந்தத் தேர்வுதான் நினைவுக்கு வரும். கேட்டே ஆகவேண்டும் என்றால் "யார் மேல கோபம் வந்துச்சு?" என்று கேளுங்கள். எட்டு வாரம் கழித்து அதே ஒரு நிமிடச் சோதனையை வேறொரு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் ஏறியிருந்தால் அடுத்த நாவலில் நீங்கள் வாசிக்கும் பங்கைக் கால்வாசியாகக் குறைக்கலாம். ஏறவில்லை என்றால் புத்தகத்தை மாற்றாதீர்கள். நாளுக்கு 20 நிமிடம் உண்மையிலேயே நடந்ததா என்று பாருங்கள், பெரும்பாலும் அது வாரத்துக்கு இரண்டு நாளாகச் சுருங்கியிருக்கும்.